ஏழு நாள், சுவரோரம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். என் மகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். போன வருடம் ஒரே வாரத்தில் என் கை பேசிய பேச்சில் எங்கள் நடைபாதையில் பதினான்கு வாடகை ஸ்கூட்டர்கள் குப்புற விழுந்தன. சும்மா ஒரு கணக்குக்குச் சொல்லவில்லை, எண்ணி எண்ணித்தான் தள்ளினேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதினான்கும் விழாமல் இருந்திருந்தால் அந்த மனுஷரை நான் சந்தித்தே இருக்க மாட்டேன். அவரைச் சந்திக்காமல் இருந்திருந்தால் என் பெண் இன்னும் என் கையைப் பிடித்துக்கொண்டு இதே தெருவில்தான் நடந்துகொண்டிருப்பாள். அதனால் என் கோபத்துக்கும் சேர்த்தே நன்றி சொல்லத் தோன்றுகிறது.

எனக்குப் பார்வை போய் நான்கு வருடமாகிறது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரை மூடிக்கொண்டு வந்து, ஒரு நாள் முழுசாக மூடிவிட்டது. அழுதேன், சாமான்களைப் போட்டு உடைத்தேன், எல்லாம் ஆயிற்று. ஆனால் வேலை போகவில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றின் துணி அறையில் எனக்கு வேலை. சலவையாகி, இஸ்திரி போடும் உருளையிலிருந்து சூடாக வெளியே வருகிற படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும். நோயாளிகள் போடும் அங்கிகளில் நாடா அறுந்திருந்தால் தனியே எடுத்து வைக்க வேண்டும். கிழிசலைக் கண்ணால் தேடின காலத்தைவிட விரலால் தேடுகிற இப்போதுதான் என்னிடமிருந்து ஒன்றும் தப்புவதில்லை. எங்கே நூல் நைந்து, நாளைக்குக் கிழியப்போகிறதோ அதைக்கூடச் சொல்லிவிடுவேன். என்னோடு எதிர்முனை பிடித்து மடிக்கிறவளுக்கு நான் வைத்த பெயர் அவசரம். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கக்கூட அவளுக்குப் பொறுமை கிடையாது. மேலதிகாரி என்னை வேறு எங்காவது மாற்றலாமா என்று கேட்டபோது, “அவங்க போனா நானும்” என்று பாதியில் நிறுத்திவிட்டாளாம். மீதி அவருக்கே புரிந்துவிட்டது. அவளுக்கும் என் நன்றி உண்டு.

வேலை செய்யத் தெரிந்த எனக்கு வேலைக்குப் போகத் தெரியவில்லை. வீட்டிலிருந்து மருத்துவமனையின் பின்வாசலுக்குப் பதினோரு நிமிட நடை. அந்தப் பதினோரு நிமிடத்துக்காக என் மகள் மூன்று வருடம் தன் காலையையும் சாயங்காலத்தையும் எனக்குக் கொடுத்தாள். அவள் அப்பா போய் ஒன்பது வருடம், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பார்சல் கிடங்கில் அவளுக்கு வேலை. காலையில் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுவாள், சாயங்காலம் வந்து கூட்டிப்போவாள். தோழிகள் கூப்பிட்டால் போகமாட்டாள். கேட்டால், “எனக்கே அங்க போகப் பிடிக்கலம்மா” என்பாள். பிடிக்காமலா இருக்கும், இருபத்துநாலு வயசில்?

அப்படி இருக்கும்போதுதான் துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. கிரேன் ஓட்டக் கற்றுக்கொடுத்து வேலையும் தருகிறார்களாம். முந்நூறு பேரில் ஒன்பது பேர் தேறியிருந்தார்கள். அந்த ஒன்பதில் என் மகள் ஒருத்தி. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும், வருகிறாயா இல்லையா என்று இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும். துறைமுகம் இருக்கும் ஊர் ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரம்.

அவள் எனக்கு அதைப் படித்துக் காட்டிய குரலிலேயே தெரிந்துவிட்டது, அவள் போகமாட்டாள் என்று. அப்படி உப்புச்சப்பில்லாமல் படித்தாள்.

“போடி” என்றேன்.

“நீ?”

“நான் என்ன? கோல் பிடிச்சு நடக்க ஆறு வாரம் கத்துக்கிட்டேன் இல்ல? அந்தக் கோலை என்ன அலமாரியில வச்சுப் பூட்டவா வாங்கினோம்?”

நிஜத்தில் அது அலமாரியில்தான் இருந்தது. வெள்ளைக் கோல் பயிற்சிக்கு, அவள் வேலையில் இருக்கும் நேரத்தில் பயிற்சி நிலையத்து வண்டியே வந்து என்னைக் கூட்டிப்போகும், அவள் கூட வந்ததில்லை. ஆனால் மகளின் முழங்கை பக்கத்தில் இருக்கும்போது கோலை யார் எடுப்பார்கள்? சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். “தொடர்ந்து ஏழு நாள் நீ தனியா போயிட்டு வா. எங்கயும் இடிக்காம, விழாம. ஒரு நாள் இடிச்சாலும் மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பம். ஏழு ஆயிடுச்சுன்னா, நான் போறேன்.”

“இவ்வளவுதானா?” என்று நானும் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

எனக்குக் கோல் சொல்லிக்கொடுத்தவர்கள் முதல் நாளே சொன்னது: சுவரை விடாதே. கண் தெரியாதவர் நடுப்பாதையில் நடந்தால் கொஞ்ச தூரத்திலேயே நேர்கோடு தப்பிவிடும். அதனால் சுவரின் அடியைக் கோல் முனையால் தொட்டுத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். எங்கள் வழியில் அது சுலபம். வாசலில் இருந்து இடப்பக்கம் திரும்பினால் தையல் கடைப் படி, அப்புறம் வங்கிச் சுவர், மருந்துக்கடை வாசலில் ஒரு குளிர்ச்சி, அப்புறம் சத்தம் போடும் சிக்னல். அதைத் தாண்டினால் அச்சகம் ஒன்றின் நீண்ட மதில். மையின் வாசனை வரும். மதில் முடிகிற இடத்தில் மருத்துவமனையின் பின்வாசல்.

அந்த மதிலோரம்தான் வினையே. அதற்கு எதிரே பேருந்து நிறுத்தம். நின்றுகொண்டே ஓட்டுகிற மின்சார ஸ்கூட்டர்களை வாடகைக்கு எடுக்கிறவர்கள், போனில் ஒரு தட்டு தட்டி எடுத்துக்கொண்டு வந்து, இங்கே இறங்கிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். ஸ்கூட்டர் விட்ட இடத்தில் கிடக்கும். முதல் இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் அங்கே குறுக்கே நின்ற ஒன்றில் முழங்கை இடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் நேர்மையாகச் சொன்னேன். “பூஜ்யம்” என்றாள் மகள். அன்று சாயங்காலம் கடைக்குப் போகிறேன் என்று எங்கேயோ போய்விட்டு வந்தாள். நான் எங்கே என்று கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து நிலைமை மோசமானது. அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த ஸ்கூட்டர்கள், இப்போது ஒன்றுவிடாமல் மதிலில் சாய்ந்து வரிசையாக நின்றிருந்தன. சரியாக நான் நடக்கிற கோட்டில். கோல் தரையைத்தான் தடவும். கைப்பிடி நெஞ்சு உயரத்தில் நிற்கும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் கோல் நுழைந்துபோனால், கைப்பிடி என்னைத் தொட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். இரண்டாவது முறை எண்ண ஆரம்பித்து நான்காம் நாள், அப்படி ஒன்று என் தாடையைக் கிழித்தது. மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அடிபட்டதால் உடனே மூன்று தையல் போட்டுவிட்டார்கள். தாடையை எங்கே மறைப்பது? மகள் அடுத்த சில நாள் மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் என்னை நடுப்பாதையில் கூட்டிப்போவாள். “பாத்தியாம்மா, இப்ப நடுவுல எவ்வளவு காலியா இருக்கு” என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் தனியாகப் போனால் சுவரைப் பிடித்துத்தான் நடப்பேன் என்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் தேதி வந்தது. அன்று தொடங்கினால் பத்தொன்பதாம் தேதி ஏழு நாள் முடியும். அதற்கு மேல் நாளே இல்லை. ஏழு நாளும் வேலை இருக்கட்டும் என்று என் வார விடுமுறையைத் துணி அறை அவசரத்துக்குக் கொடுத்துவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மதிலோரம் வந்ததும் கையை முன்னால் நீட்டிக்கொண்டு தடவிப் பார்த்தேன். ஐந்து ஸ்கூட்டர். பட்டாளத்து வரிசை மாதிரி. எவனோ வேண்டுமென்றே செய்கிறான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கண் தெரியாதவளோடு விளையாடுகிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தள்ளினேன். தடதடவென்று ஐந்தும் பாதையின் பக்கம் சாய்ந்தன. அந்தச் சத்தம் காதுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. சுவரோரம் எனக்கு வழி கிடைத்தது, நடந்தேன்.

பதினான்காம் தேதி கொஞ்சம் அசந்துவிட்டேன். ஒரு கைப்பிடி இடது விலாவில் நறுக்கென்று இறங்கியது. மூச்சே நின்றுவிட்டது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதைச் சொன்னால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் முடிந்தது, துறைமுகமும் இல்லை, கிரேனும் இல்லை. சாயங்காலம் வீட்டில் மகள் கேட்டாள்: “இன்னிக்கு?”

“ரெண்டு” என்றேன், முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு.

பதினைந்தாம் தேதி ஐந்து ஸ்கூட்டர் தள்ளினேன். பதினாறாம் தேதி நான்கு. ஆக மொத்தம் பதினான்கு. ஆனால் மறுநாள் பார்த்தால் எல்லாம் மறுபடி மதிலில் சாய்ந்து நிற்கும். அவனா நானா பார்த்துவிடுகிறேன், கையும் களவுமாகப் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கிறேன் என்று, பதினேழாம் தேதி வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னாடியே கிளம்பினேன்.

சிக்னலைத் தாண்டினதுமே சத்தம் கேட்டது. இழுக்கிற சத்தம், சக்கரம் உருள்கிற சத்தம், ஒரு ஆண் மூச்சுவாங்குகிற சத்தம். நேராகச் சத்தத்தை நோக்கி நடந்தேன்.

“அடடா! நீங்கதானா அது?” என்றது அந்தக் குரல். குரலில் அவ்வளவு சந்தோஷம். “வாங்க அக்கா, வாங்க. இத்தனை நாளா உங்களைப் பாக்கணும்னு...”

“என்னைப் பாக்கணும்னா? தையல் எப்படி இருக்குன்னு பாக்கவா?” நான் ஆரம்பித்தது ஆரம்பித்ததுதான். தாடையைக் காட்டினேன். பகலில் எல்லாரும் நடக்கிற இடத்தில் ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், உனக்கு இதில் என்ன சுகம் என்று கேட்டேன். உனக்கெல்லாம் அக்கா தங்கை இல்லையா என்று கேட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அதில் சிலதை இங்கே எழுத முடியாது.

அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது, ரொம்ப மெதுவாகச் சொன்னார்: “உங்களுக்காகத்தானே அக்கா செய்யறேன்.”

“என்னது?”

“அந்த விளக்குக் கம்பத்துல ஒரு காகிதம் ஒட்டியிருக்கு. படிக்கறேன் கேளுங்க. ‘கண் தெரியாத ஒருவர் தினமும் நடக்கும் வழி இது. தயவுசெய்து ஸ்கூட்டர்களைப் பாதையில் விடாதீர்கள். ஓரமாக நிறுத்துங்கள். நன்றி.’ நான் இந்த வட்டாரத்து வண்டியெல்லாம் காலையில ஒழுங்குபடுத்தி, பேட்டரி மாத்தறவன். இதைப் பாத்ததுல இருந்து அரை மணி முன்னாடியே வந்து, எல்லாத்தையும் இழுத்து சுவரோரம் வச்சுட்டுத்தான் மத்த வேலை. நடுவுல உங்களுக்கு ராஜபாட்டை மாதிரி இருக்கணும்னு. எவனோ ஒரு படுபாவி தினமும் வந்து தள்ளி விடறான் அக்கா. நேத்து ஒரு அம்மா தள்ளுவண்டியில கைக்குழந்தையை வச்சுக்கிட்டு, வழி இல்லாம ரோட்டுல இறங்கிப் போனாங்க. பஸ் வர்ற நேரம்.”

என் வழியைத் திறக்கிறேன் என்று நான் இன்னொருத்தி வழியை அடைத்திருக்கிறேன், அதுவும் ஒரு கைக்குழந்தையோடு. கோல் முனையால் தேடிக்கொண்டு விளக்குக் கம்பத்துக்குப் போனேன். காகிதத்தைத் தடவினேன். நாலு பக்கமும் நாடா ஒட்டியிருந்தது. உள்ளே நூல் ஓடுகிற தடித்த நாடா. பார்சல் கிடங்கில் பெட்டிகளுக்குச் சுற்றுகிற நாடா. எங்கள் வீட்டு வாளியின் கைப்பிடியைக்கூட என் மகள் இதால்தான் சுற்றி வைத்திருக்கிறாள்.

கடைக்குப் போகிறேன் என்று போனது இதற்குத்தானா, என் செல்லமே?

“அந்தப் படுபாவி நான்தாங்க” என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் என்று நினைக்கிறேன், சிரிப்பு கீழேயிருந்து வந்தது. எனக்கும் தாங்கவில்லை. விலா வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

“ஆனா அக்கா, ஏன் தள்ளணும்? நடுவுல அவ்வளவு இடம் விட்டிருக்கேனே.”

“நடுவுல நான் எப்படி நடப்பேன்? கண்ணை மூடிக்கிட்டு நீங்க நடந்து பாருங்க.”

அந்த மனுஷர் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். என் கோலையும் வாங்கிக்கொண்டார். ஏழெட்டு அடி எடுத்து வைத்திருப்பார், “ஐயோ” என்றார். இலைகள் சலசலத்தன. மரத்தில் போய் மோதியிருக்கிறார்.

“நேராத்தானே போனேன்!”

“எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கறோம். இப்ப இங்க வாங்க. சுவரைத் தொட்டுக்கிட்டு வாங்க.”

அவர் சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தார். தான் சாய்த்து வைத்த முதல் ஸ்கூட்டரிலேயே இடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. கோலை என் கையில் திருப்பித் தந்தபோது அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

“அந்தத் தாடைத் தையல் என்னாலயா?” என்று கேட்டார்.

என் விரல் தானாகத் தையலைத் தடவியது. அவருக்கே தெரிந்துவிட்டது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. தினமும் காலையில இங்கதானே வர்றேன். ஒரே ஒரு வார்த்தை. அன்னிக்கே மாத்தியிருப்பேனே.” குரல் கம்மிவிட்டது. “நல்லது பண்றோம்னு நினைச்சு தினமும் உங்களை அடிச்சிருக்கேன். நீங்க வாயே திறக்கல.”

ஸ்கூட்டர்களைத் தள்ளத் தெரிந்த எனக்கு, ஒரு நாள் முன்னாடி வந்து கேட்கத் தெரியவில்லை.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தோம். சாலையோரத்தில் வரிசையாக மரங்கள். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கிற மண் தரையில் யாரும் நடப்பதில்லை. அங்கே சாய்வாக நிறுத்தினால் சுவரோரம் எனக்கு, நடுவில் தள்ளுவண்டிக்காரம்மாவுக்கு, ஸ்கூட்டருக்கும் இடம். அன்று எட்டு ஸ்கூட்டர். ஒருபக்கம் அவர், ஒருபக்கம் நான். தள்ளும்போது லேசாக இருந்த சாமான், தூக்கும்போதுதான் எவ்வளவு கனம் என்று தெரிந்தது. இதை இவர் தினமும் ஒற்றை ஆளாக இழுத்திருக்கிறார்.

“உங்க வயசு என்ன தம்பி?” என்றேன்.

“அம்பத்தாறு.”

“எனக்கு அம்பத்திரண்டு! யாரைப் பாத்து அக்கான்னு சொல்றீங்க?”

“நீங்க திட்டின திட்டுல, என்னைவிடப் பெரியவங்கன்னு நினைச்சுட்டேன், தங்கச்சி.”

அன்றிலிருந்து எனக்கு ஒரு அண்ணன்.

பதினெட்டாம் தேதி மதிலோரம் வந்தபோது, “பாதை காலி, தங்கச்சி, ஜம்முனு போங்க” என்று எனக்காகக் காத்திருந்த அண்ணனின் குரல் மரத்தடியிலிருந்து வந்தது. கோல் முனை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுவரைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. மதில் இவ்வளவு நீளமா என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. நின்று நிதானமாக அந்த மை வாசனையை மூச்சில் இழுத்துக்கொண்டேன். சாயங்காலம் “ஆறு” என்று சொன்னபோது மகள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். விலா சுரீரென்றது, சிரித்துக்கொண்டே நின்றேன்.

பத்தொன்பதாம் தேதி நான் கிளம்பக் கொஞ்சம் தாமதம். அண்ணன் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருந்தார். அவர் போன பிறகு யாரோ ஒருவர் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில் ஸ்கூட்டரைச் சுவரோரம் படுக்கப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அவருக்கும் வேலைக்கு நேரமாகியிருக்கும், பாவம். கோல் முனை அதன் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. நான் ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டேன். அவ்வளவுதான்.

முழங்காலும் இரண்டு உள்ளங்கைகளும் தரையில் தேய்ந்தன. விழுந்த மாத்திரத்தில் எங்கிருந்தோ கைகள் வந்தன. ஒரு ஜோடிக் கை என்னைத் தூக்கியது, இன்னொரு கை கோலை விடுவித்து என் கையில் வைத்தது. “கால் ஊணிப் பாருங்கம்மா” என்றது ஒரு குரல். இன்னொருவர் ஸ்கூட்டரை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. வாசல் வரை கூட வரவா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன், சரி என்று விட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. இந்த நகரத்தில் எல்லாரும் ஓடுகிறார்கள் என்பார்கள். நிற்கவும் நிற்கிறார்கள், நான் அறிவேன்.

துணி அறையில் அவசரம் என் முழங்காலைத் துடைத்துக் கட்டுப்போட்டாள்.

“உடை தரை வரைக்கும் இருக்கு. யாருக்குத் தெரியப்...” என்றாள்.

“தெரியாதுதான்.”

“அப்ப ஏழு. முடிஞ்சுது. பொண்ணு நாளைக்கு...”

நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று பகல் முழுக்க விரிப்பு மடிக்க மடிக்க, “ஏழு” என்று எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சந்தோஷமாக, சட்டென்று, உள்ளே நுழையும்போதே. ஒரு சின்னப் பொய். அவள் வாழ்க்கை நன்றாக இருக்கட்டுமே என்றுதானே? நல்லதுக்குத்தானே?

நல்லது என்று நினைத்ததும் அண்ணன் குரல் கம்மினது ஞாபகம் வந்துவிட்டது. வாயே திறக்கவில்லையே என்று அவர் கேட்டது. அதற்கு மேல் என்ன செய்தும் அந்தப் பொய் வாயில் உட்காரவில்லை.

சாயங்காலம் கதவைத் திறந்ததுமே மகள் ஓடி வந்தாள். “சொல்லு, சொல்லு, ஏழுதானே? ‘வர்றேன்’னு போன்ல பதில் அடிச்சு வச்சுட்டேன். ஒரு தட்டு தட்டினா போயிடும்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். உடையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினேன்.

“பூஜ்யம்” என்றேன்.

நான் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விலாவில் இடித்ததை மறைத்தது. பதினான்கு ஸ்கூட்டர்களைத் தள்ளியது. தள்ளுவண்டிக்காரம்மா ரோட்டில் இறங்கியது. நான் சுவரோரம்தான் நடப்பேன் என்று அவளிடம் சொல்லாமலே இருந்தது. அவள் ஒட்டிய காகிதத்தையும், அதைப் படித்துவிட்டு ஒருவர் அரை மணி முன்னாடி வந்து உழைத்ததையும் சொன்னேன். காகிதம் என்றதும் அவள் “ஐயோ அம்மா” என்று முகத்தை மூடிக்கொண்டாள். குரல் கைக்குள்ளிருந்து வந்தது.

“ஆக, நேத்து வரைக்கும்கூட ஆறு இல்ல, நாலுதான்” என்றேன். “இன்னிக்கு அதுவும் போச்சு. நிபந்தனை நிபந்தனைதான். ஆனா போடி. கெஞ்சிக் கேக்கறேன், போ. நான் இன்னும் நாலு தடவை விழுவேன், எந்திரிப்பேன். தூக்கி விட ஆள் இருக்காங்க.”

அவள் வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். முழங்காலில் இருந்த கட்டுத் துணியை மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.

“விலா எனக்குத் தெரியும்மா” என்றாள். “அஞ்சு நாளா நீ இடது பக்கம் திரும்பிப் படுக்கல. அலமாரி மேல்தட்டுக்கு இடது கையைத் தூக்கல. தினமும் எண்ணிக்கை கேட்டேன் இல்ல? எண்ணிக்கைக்காகக் கேக்கல. நீ சொல்வியான்னு பாத்தேன்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தே?”

“நீ விழுந்துடுவியோன்னு எனக்குப் பயமில்லம்மா. விழாம யாரு நடக்கறா? விழுந்தா எங்கிட்ட சொல்ல மாட்டியேன்னுதான் பயம். அவ்வளவு தூரத்துல உக்காந்துக்கிட்டு, நீ ‘நல்லா இருக்கேன்’னு சொல்றதை நான் நம்பணுமே. இன்னிக்கு நீ ‘ஏழு’ன்னு சொல்லியிருந்தா, அடிச்சு வச்சதை அழிச்சுட்டு நாளைக்கு நான் ‘வரல’ன்னுதான் பதில் போட்டிருப்பேன்.”

“இப்ப?”

போனில் ஒரு தட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது. அனுப்பியதற்கு அடையாளமாக அது ஒரு முறை மெல்ல ஒலித்தது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை.